உளைக்கு அப்பால் ஒரு மடு

மீன் பிடிக்கிறவர்களைப்பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் செய்திருக்கிறோம். இராயப்பரும் பெலவேந்திரரும் வலைகளை விட்டுச் சென்றதும், உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்ததும், வலையில் அகப்பட்ட 153 பெரிய மீன்களும் நம் நாவில் பலமுறை புரண்டவை. ஆனால் நாலு மீனுக்காக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நடக்கிறான், ஏன் நடக்கிறான் என்பதை ஐம்பதை நெருங்கும் வயதுவரை நாம் அறிந்தோமில்லை. அதை நமக்குக் கற்பித்தவர் போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் வாழும் ஓர் ஏலத்தோட்டத் தொழிலாளி. அவர் பெயர் இங்கே வேண்டாம். பெயர் சொல்லாமலே ஒருமுறை அவரை ஊரறியச் சுட்டிக்காட்டியவர் நாமே.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். போடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கோழி கூவுமுன்னே தெருமுனைகளில் ஜீப்புகள் வந்து நிற்கும். ஆணும் பெண்ணுமாகத் தூக்குவாளிகளோடு அவற்றில் நெருக்கியடித்து ஏறிக்கொள்வார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டின் எல்லைச் சாவடியைத் தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறங்குவார்கள். மாலையில் அதே ஜீப்பில் திரும்புவார்கள். வாரத்தில் ஆறு நாள் இப்படி. உலகத்துச் சமையற்கட்டுகளுக்கு மணம் சேர்க்கும் ஏலக்காய், போடியின் ஏல மையத்துக்கு வந்து சேருமுன் இத்தனை பேருடைய தூக்கத்தை வாங்கிக்கொண்டுதான் வருகிறது.

2017ஆம் ஆண்டுத் தவக்காலத்து மூன்றாம் ஞாயிறன்று, ஞாயிறு கடனைப்பற்றிப் பிரசங்கம் செய்தோம். குறிப்பிட்ட ஒருவர் பல மாதங்களாகத் திருப்பலிக்கு வரவில்லை என்பதும், ஞாயிறுதோறும் முதல் பேருந்தில் தூண்டிலும் கையுமாக மலையேறுகிறார் என்பதும் நம் செவிக்கு எட்டியிருந்தன. "ஆறு நாள் கூலிக்கு, ஏழாம் நாள் தூண்டிலுக்கு, ஆண்டவருக்கு எந்த நாள்?" என்று கேட்டோம். சொற்கள் நன்றாக அமைந்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டோம். கோயிலில் இருந்த தலைகள் பல ஒரே சமயத்தில் பெண்கள் பக்கத்து நான்காவது வரிசையை நோக்கித் திரும்பின. அங்கே அவருடைய மனைவியும், அவ்வாண்டு புதுநன்மை வாங்கவிருந்த மகளும் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவ்விருவரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. உபதேசியார் இரண்டு முறை வீட்டுக்குப் போய் வந்தார், பலனில்லை. உயிர்ப்புத் திருவிழா முடிந்த வாரத்தில் அந்த அம்மாள் தாமாகவே பங்குமனைக்கு வந்தார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "சாமி, கோவிச்சுக்கிறாதீங்க. ஒரு தடவை அவுக கூட நடந்து பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறோம்," என்றார். குருமடத்தில் எட்டாண்டுகளுக்கு மேல் படித்தவர்களுக்கு இப்படிப்பட்ட அழைப்பை மறுப்பதற்குக் காரணங்கள் எளிதில் கிடைக்கும். அன்று ஏனோ ஒன்றும் அகப்படவில்லை.

மே முதல் நாள் திங்கட்கிழமையாக வந்தது. தோட்டங்களுக்கு விடுமுறை. 1955ஆம் ஆண்டு பரிசுத்த பாப்பு பன்னிரண்டாம் பத்திநாதர் தொழிலாளரான சூசையப்பருக்கு அர்ப்பணித்த திருநாளும் அதுவே. விடியுமுன் திருப்பலி நிறைவேற்றிவிட்டு, அங்கியைக் கழற்றி வைத்து, அரைக்கைச் சட்டையும் பழைய தோல் செருப்புமாகப் பேருந்து நிலையத்துக்குப் போனோம். அவர் அங்கே இரண்டு மூங்கில் கம்புகளோடு நின்றிருந்தார். "கும்பிடுறேன் சாமி" என்றதோடு சரி. போடிமெட்டு வரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

போடிமெட்டு 4,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே நின்று பார்த்தால் படைத்தவரின் கைவேலை ஒன்று விளங்கும். கிழக்கே விழும் மழை சரிவிறங்கி, கொட்டகுடி ஆற்றோடு கலந்து வைகையைச் சேர்கிறது. மேற்கே சில அடி தள்ளி விழும் மழையோ பன்னியாற்றில் இறங்கி, முதிரப்புழையாறு வழியாகப் பெரியாற்றையும் பிறகு அரபிக் கடலையும் அடைகிறது. ஒரே மேகம்; நீர் மட்டும் இரண்டு கடல்களுக்குப் பிரிந்து போகிறது. 1895இல் முல்லைப் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக் துரையின் அணை இதற்குத் தெற்கே இருக்கிறது. பன்னியாறு அந்த அணைக்குக் கீழேதான் பெரியாற்றோடு சேர்கிறதாதலால் அது நம் பக்கம் திரும்புவதில்லை.

சாலையை விட்டு இறங்கி ஏலத்தோட்டத்துக்குள் நடந்தோம். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் முன்னரே சொல்லிவைத்திருந்தார். ஏலச்செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் காட்டு மரங்களை அடியோடு வெட்டிவிடாமல் கிளை கழித்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆதலால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காடாகவே தோன்றும். உள்ளே நடக்கும்போதுதான் காட்டில் இல்லாத ஒரு நெடி மூக்கில் ஏறுகிறது. "மருந்து சாமி," என்றார். ஏலச்செடிக்குப் புழுவும் பேனும் பெரும் பகை. அவற்றைக் கொல்ல ஆண்டு முழுதும் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மே மாதத்தில் தடைசெய்தது. வேறு பெயர்கள் அதன் இடத்துக்கு வந்தன. நஞ்சு என்று அங்கே எவரும் சொல்வதில்லை. மருந்து என்றே சொல்கிறார்கள்.

அந்த மருந்தை அடிப்பதுதான் அவருடைய வேலை. பல ஆண்டுகளாகச் செய்கிறாராம். கம்பைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் சற்றே நடுங்குவதை அப்போதுதான் கவனித்தோம். "கீழ ஓடையில மீனு செத்து மெதந்ததை நானே பாத்திருக்கேன் சாமி. நான் அடிச்சதுதான் அங்க போயிருக்கு. அதுக்கப்புறம் அந்த ஓடையில தூண்டில் போடுறதில்ல." அவர் தேடிப் போவது தோட்டங்களுக்கெல்லாம் மேலே, மருந்து இறங்காத ஒரு மடுவை. அதை அடைய ஓர் உளையைக் கடக்க வேண்டும்.

மலையில் தூண்டிலுக்காக நடப்பது புதிய செய்தியன்று. சென்னை ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் இந்திய ஆறுகளில் தூண்டிலிடுவதைப்பற்றி 1873இலேயே ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். மலைநாட்டுக் குளிர்ந்த ஓடைகளில் தங்கள் நாட்டு டிரவுட் மீனைக் குடியேற்ற வெள்ளையர் பட்ட பாடு கொஞ்சமன்று. நீலகிரியில் 1860களில் தொடங்கிய முயற்சிகள் தோற்று, 1907ஐ ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தபின்னரே அது நிலைத்தது. மூணாற்றுத் தோட்டத் துரைமாரும் இராஜமலைப் பக்கத்து ஓடைகளில் அம்மீனை வளர்த்தார்கள். முதுவர்கள் வழிகாட்ட, புல்வெளிகளையும் சதுப்புகளையும் கடந்து போய்ப் பிடித்தார்கள். துரை மலையேறித் தூண்டிலிட்டால் அது பொழுதுபோக்கு என்று புத்தகத்தில் ஏறுகிறது. கூலியாள் செய்தால் பிரசங்கத்தில் ஏறுகிறது. இந்த எண்ணம் நடக்கும்போது நம்மைக் குத்தியது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

உளையின் ஓரத்தில் அவர் நின்றார். இரண்டு குன்றுகளுக்கு நடுவே, ஒரு பெரிய கால்பந்து மைதானம் அளவுக்குக் கோரையும் நாணலும் பரந்து கிடந்தன. கோடைமழை இரண்டு மூன்று பெய்திருந்ததால் எங்கும் நீர் கசிந்தது. இத்தகைய சதுப்பு ஒரு பஞ்சுபோல. ஆடி, ஆவணி மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலிலும் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. வடிகால் வெட்டி அதை வற்றச் செய்துவிட்டால் கோடையில் கீழே ஓடையும் வற்றும்.

புகையிலையும் உப்பும் கட்டிய துணியை நனைத்து நம் கால்களில் முழங்கால்வரை தேய்த்துவிட்டார். அட்டைக்காக. பிறகு ஒரு கம்பை நம் கையில் தந்து, "சாமி, பச்சையா மெத்தை மாதிரி இருக்குற எடத்தை மிதிக்காதீங்க. கோரைத் தூறு நிக்கிற எடத்தை மட்டும் மிதிங்க. அதுக்கு வேர் இருக்கு, தாங்கும். நான் கால் எடுத்த எடத்துல நீங்க கால் வைங்க," என்றார்.

பாதி தூரம் அவ்வாறே போனோம். அட்டைகள் உப்பையும் மதிக்கவில்லை. கோரைத் தூறு ஒவ்வொன்றும் காலடியில் அசைந்தது. அவர் வலப்பக்கமாகச் சுற்றிப் போனார். நேரே எதிரில், பத்தடி தொலைவில், புதுப் புல் விரித்தாற்போல் ஒரு திட்டு தெரிந்தது. சுற்றுவானேன் என்று நினைத்தோம். கூப்பிட்டுக் கேட்கவும் இல்லை. கால் வைத்தோம்.

அடி எடுக்கும் முன்பே முழங்கால் மறைந்தது. மறுகாலை ஊன்றி மேலே வர முயன்றதில் அதுவும் இறங்கியது. இடுப்புவரை சேறு. குளிர்ந்த சேறு, பழைய இலைகள் அழுகிய வாடை. கம்பை ஊன்றினால் கம்பும் இறங்கிற்று. நாம் உத்தம மனஸ்தாப மந்திரத்தை எத்தனையோ பேருக்குச் சாகும் வேளையில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அப்போது அதன் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அசையாதீங்க சாமி! மல்லாக்கச் சாயுங்க!" என்ற குரல் கேட்டது. சாய்வது என்பது நம் அறிவுக்கு முற்றும் விரோதமாகத் தோன்றினாலும் சாய்ந்தோம். உடல் பரவியதும் இறங்குவது நின்றது. அவர் ஒரு தூறின்மேல் குப்புறப் படுத்து, தம் கம்பை நம் அக்குளுக்குக் கீழே செலுத்தி, "ஒரு காலை மட்டும் மெதுவா ஆட்டி ஆட்டி எடுங்க, அவசரமில்ல," என்றார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் இடக்கால் வந்தது, பிறகு வலக்கால். வலக்காலின் செருப்பு வரவில்லை.

தூறின்மேல் கிடந்து மூச்சு வாங்கினோம். அவருடைய முகமும் சட்டையும் சேறாயிருந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் அன்று வந்திருந்தோம். வழியெல்லாம் அதற்கு வாக்கியங்களையும் அடுக்கி வைத்திருந்தோம். வாயில் வந்தது, "தப்பு நம்முடையதுதானப்பா," என்பது மட்டுமே. அவர் நம்மை ஒரு கணம் பார்த்தார். "வழி தெரியாதவுங்க மிதிக்கிறதுதான் சாமி," என்றார். எதைச் சொன்னார் என்று நாம் கேட்கவில்லை.

மடு பெரிதன்று. பாறைகளுக்கிடையில் நான்கு பாயை விரித்தாற்போல் இருந்தது. அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீர். மண்புழுவைக் கோத்துத் தூண்டிலைப் போட்டார். கையளவுக் கெண்டைகள் நான்கும் ஒரு குறவையும் இரண்டு மணி நேரத்தில் கிடைத்தன. நம் தூண்டிலில் ஒன்றும் படவில்லை. அவர் பேசியது அங்கேதான். காலையில் மட்டுமே மீன் நன்றாக இரையெடுக்குமாம். மதியத்துக்கு மேல் யானை தண்ணீருக்கு இறங்குமாதலால் அதற்குள் உளையைக் கடந்துவிட வேண்டுமாம். ஆனையிறங்கல் என்று பக்கத்து அணைக்கட்டுக்குப் பெயர் இருப்பது அலங்காரத்துக்கன்று. அரிக்கொம்பன் என்ற யானை பிடிக்கப்பட்ட 2023இல்தான் பலர் அப்பகுதியின் பெயரையே கேள்விப்பட்டார்கள். தொழிலாளிகள் எப்போதும் அந்த அச்சத்தோடுதான் நடக்கிறார்கள்.

"மீனுக்காக மட்டும் வரல சாமி. வாரம் முழுக்க அந்த வாடைதான் மூக்குல. சோத்துல கை வச்சாலும் அதே வாடை. இங்க வந்து ஒக்காந்துட்டுப் போற ராத்திரிதான் தூக்கம் வருது. மத்த ராத்திரி கை நடுங்கிக்கிட்டே கெடக்கும்."

"சனிக்கிழமை மாலைப் பூசைக்கு வரலாமே?" என்று கேட்டோம். 1983இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் பிரிவு, முந்தைய நாள் மாலைத் திருப்பலியும் ஞாயிறு கடனை நிறைவேற்றும் என்று தெளிவாகச் சொல்கிறது. நம் பங்கிலும் அது நடந்துவந்தது.

"அது அஞ்சரைக்குல்ல சாமி. ஜீப்பு அடிவாரம் வந்து சேரவே ஆறரை ஆகுது," என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. பேருந்து நேரம் சொல்வதுபோல.

ஐந்தரை என்று வகுத்தவர் நாம். பாடகர் குழுப் பிள்ளைகள் இருட்டுமுன் வீடு திரும்பலாம், நாமும் இராச் சாப்பாட்டை நேரத்தோடு முடிக்கலாம் என்ற வசதிக்காக. பங்கில் பாதிக் குடும்பங்கள் அந்நேரத்தில் ஜீப்புக்குள் இருக்கின்றன என்பதை மூன்றாண்டுகளாக நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

ஞாயிறு கடன் கடன்தான். அதை நாம் அன்றும் தளர்த்தவில்லை, இன்றும் தளர்த்தமாட்டோம். ஆனால் அடுத்த வாரமே சனிக்கிழமைத் திருப்பலியை ஏழரைக்கு மாற்றினோம். பாடகர் குழுவுக்கு வருத்தம். கோயிற்பிள்ளை ஒரு மாதம் நம்மோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிறன்று பிரசங்க மேடையிலிருந்தே, முன்பு சொன்னதைத் தவறென்று சொல்லித் திரும்பப் பெற்றோம். அதைக் கேட்க அவர் கோயிலில் இல்லை. மலையில் இருந்தார். நான்காவது வரிசையில் மனைவியும் மகளும் இருந்தார்கள். இம்முறை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது நமக்குப் பார்க்கத் துணிவில்லை.

அச்சிறுமி ஆகஸ்டு 15, தேவமாதா பரலோகம் சேர்ந்த திருநாளன்று தனியாகப் புதுநன்மை வாங்கினாள். சனிக்கிழமைகளில் ஜீப்பிலிருந்து இறங்கி நேரே வருகிறவர்களால் கோயிலின் பின்பகுதி நிறையத் தொடங்கிற்று. அவர்களோடு அந்த நெடியும் உள்ளே வரும். அவர் கடைசித் தூணருகில், தூக்குவாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்பார். நற்கருணை வாங்க நீட்டும் கை அப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. மதுரைக்குப் போய் மருத்துவரைப் பார்க்கும்படி பலமுறை சொன்னோம். ஒருமுறை போனார். வேலையை மாற்றச் சொன்னார்களாம். மாற்றவில்லை, மருந்தடிப்புக்குக் கூலி சற்று அதிகம்.

நாம் அப்பங்கிலிருந்து 2019இல் மாற்றலாகி வந்துவிட்டோம். அவர் தந்த மூங்கில் கம்பு நம் அறையில் இருக்கிறது. செருப்பு உளையிலேயே இருக்கிறது.