வலிக்காத நோய்

பல் துலக்கும்போது எச்சிலில் இரத்தம் கலந்து வந்தது. உடற்சூடு என்று எண்ணி இளநீர் வாங்கி அருந்தினேன். கசிந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் துலக்கினேன். ஈறைப் புண்படுத்தலாகாது என்ற நல்லெண்ணந்தான்! இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. வலி சிறிதும் இல்லை. ஒருநாள் முறுக்கைக் கடித்தபோது கீழ்வரிசைப் பல்லொன்று அசைந்தது. அதன் பின்னரே பல் மருத்துவரிடம் சென்றேன்.

அவர் என் மகள் வயதினர். அளவுக் கோடுகள் இட்ட மெல்லிய கம்பியொன்றை ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மெல்ல இறக்கிப் பார்த்தார். நலமுள்ள ஈறாயின் 3 மில்லிமீட்டருக்கு மேல் அது இறங்காதாம். எனக்கு 7 இறங்கிற்று. "இரத்தம் வருகிற இடத்தைத்தான் ஐயா, நன்றாகத் துலக்கியிருக்க வேண்டும்" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் விளக்கியதையும், பின்னர் நான் தேடிப் படித்ததையும் கூறுகிறேன். பல்லின்மேல் படியும் வழவழப்பான படலம் வெறும் உணவு மிச்சமன்று. கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கும் ஊர். 1683ஆம் ஆண்டிலேயே ஆலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹூக் என்பவர், தம் பல்லிடுக்கு அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கியில் நோக்கி, அதில் உயிர்கள் நீந்துவதைக் கண்டு இலண்டனுக்கு எழுதினார். அவர் நாள்தோறும் உப்பிட்டுப் பல் துலக்கியவர் என்பது எனக்கு வியப்பளித்தது.

அவற்றுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. படலத்தைக் கலைக்காமல் விட்டால்தான் இடர். டென்மார்க்கில் 12 பேர் பல் துலக்குவதையே நிறுத்திப் பார்த்த ஆய்வொன்று 1965இல் வெளியாயிற்று. மூன்று வாரத்திற்குள் அனைவருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மீண்டும் துலக்கியதும் தணிந்தது.

தணியாமல் நீடித்தால் சிலருக்கு நோய் ஆழத்திற்கு இறங்குகிறது. ஈறு பல்லைவிட்டு விலகி, காற்றுப் புகாத பை போன்ற இடைவெளி உண்டாகிறது. காற்றை வெறுக்கும் கிருமிகளுக்கு அது நல்ல புகலிடம். அவற்றுள் போர்ஃபிரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்பது கொடியது. அது நம் இரத்தத்திலுள்ள இரும்புச் சத்தைக் கொண்டு வளர்வது. நான் இரண்டு ஆண்டுகள் அதற்கு விருந்து வைத்திருக்கிறேன்! எண்ணிக்கையில் குறைவாயினும், உடலின் காவலைக் குழப்பி, ஏனைய கிருமிகளும் பெருக வழிசெய்து விடுகிறது. உடலோ ஓயாமல் போரிடுகிறது. பல்லைத் தாங்கும் நாரையும் தாடை எலும்பையும் பெரிதும் கரைப்பது அந்தப் போர்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை. கரைந்த எலும்பு தானாக மீளாது.

என் தாயார் ஐம்பது வயதுக்குள் பற்களையெல்லாம் இழந்தார். முதுமையின் இயல்பு என்றே அனைவரும் கொண்டோம். அவருக்கு நீரிழிவு இருந்தது. சர்க்கரை மிகுந்தால் ஈறு நோய் முற்றும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம் என்பதை அன்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்கு ஈறுக்கடியில் இறுகியிருந்த காரையைப் பல அமர்வுகளில் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு பற்கள் போயின, மற்றவை நிலைத்தன. இப்போது இரவிலும் துலக்குகிறேன். பல்லிடுக்குகளைச் சிறு பிரஷ் கொண்டு துடைக்கிறேன்.

சென்ற மாதம் தம்பி வந்திருந்தான். முகம் கழுவுமிடத்தில் அவன் துப்பியதில் சிவப்பைக் கண்டேன். "சூடு, அண்ணா" என்றான். மறுநாளே மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன்.