சாயம் காட்டும் இழைகள்

புரதம் தனக்குரிய வடிவத்தில் மடிந்து நிற்கும் வரை உடலுக்கு உழைக்கிறது; அந்த மடிப்புக் குலைந்து, மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நீண்ட இழையாகும்போது, அதே புரதம் திசுக்களில் தேங்கி நோயோடு சேர்ந்துகொள்கிறது. 1854-இல் ருடால்ஃப் விர்ஷோ தாம் மூளைத் திசுவில் கண்ட படிவுகள் அயோடின் பட்டவுடன் மாவுப்பொருளைப் போல நிறம் மாறியதால், மாவுப்பொருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து ‘அமிலாய்டு’ என்ற பெயரை அவற்றுக்கு வழங்கினார். அமிலாய்டு படிவுகள் புரதத்தால் ஆனவை எனப் பின்னர் தெளிந்தும் பெயர் மாறவில்லை. இந்த இழையின் அகலம் ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான் என்பதால், அது வளர்வதைக் கண்ணால் பின்தொடர வழியில்லை. ஆய்வகத்தில் அந்த வேலையை ஒரு மஞ்சள் சாயம் செய்கிறது.

தியோஃபிளேவின் டி எனப்படும் அச்சாயத்தின் மூலக்கூறு, ஒற்றைப் பிணைப்பால் இணைந்த இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பொருள் ஒளியை உறிஞ்சி, நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரத்திற்குள் அதைவிட நீண்ட அலைநீளத்தில் வெளிவிடுவதற்கே 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஆங்கிலத்தில் பெயரிட்டார்; தமிழில் அது உடனொளிர்வு. நீரில் தனித்துக் கிடக்கும் சாய மூலக்கூறு, உறிஞ்சிய ஆற்றலைத் தன் இரு பகுதிகளும் முறுக்கிக்கொள்வதிலேயே இழந்துவிடுவதால் மங்கலாகவே இருக்கிறது. இழையின் நெடுக ஓடும் பள்ளங்களில் அது சிக்கிக்கொண்டால் முறுக்கம் தடைபட்டு, 450 நானோமீட்டர் நீல ஒளியை வாங்கி 482 நானோமீட்டர் அருகே பிரகாசமாக ஒளிர்கிறது. திசுக்களில் அமிலாய்டைக் காண 1959-இல் வாசரும் கல்லிங்கும் இச்சாயத்தைப் பயன்படுத்தினர். சோதனைக்குழாயில் இழையின் அளவை இதைக்கொண்டு கணிக்கும் முறையை 1989-இல் ஜப்பானிய ஆய்வாளர் நைகியின் குழு வெளியிட்டது.

இம்முறையைப் பழகும் ஆராய்ச்சி மாணவர்கள் பலர் இன்சுலினிலிருந்தே தொடங்குகின்றனர். அமிலக் கரைசலில் சூடாக்கினால் இன்சுலின் இழையாகும் என்பது 1940-களிலேயே அறியப்பட்டது. மருந்தாகச் சேமிக்கப்படும் புரதம் இப்படித் திரிவது மருந்துத் தயாரிப்பாளர்களின் நீண்ட நாள் கவலையும்கூட. கார அமிலநிலை 2 அளவில் கரைத்து 60 டிகிரி செல்சியஸில் வைக்கும்போது, துத்தநாகம் பிடித்துவைத்திருந்த ஆறு மூலக்கூறுத் தொகுதி பிரிந்து, இழையாவதற்கான வழி திறக்கிறது.

செய்பவரின் கைத்திறன் வெளிப்படுவது ஒளியை அளக்கும் கருவியிடத்தில் அன்று, அதற்கு முந்தைய வேலைகளில்தான். இன்சுலின் பொடியைக் கரைத்தபின் கரைசலை நுண்துளை வடிகட்டியால் வடித்தாக வேண்டும். ஏனெனில் பழைய இழையின் துணுக்கொன்று குழாயில் தங்கியிருந்தாலும் அது உறை ஊற்றியதைப் போலச் செயல்பட்டு, மணிக்கணக்கில் அமைதியாக இருக்க வேண்டிய புரதத்தை உடனே இழையாக்கிவிடும். மோர் ஒட்டிய பாத்திரத்தில் பாலை ஊற்றாத இல்லத்தரசியின் கவனமே இங்கும் வேண்டப்படுகிறது. அரைமணிக்கு ஒருமுறை சூட்டுத் தொட்டியிலிருந்து குழாயை எடுத்து, விரல் நுனியால் மெல்லத் தட்டி, 10 மைக்ரோலிட்டரை உறிஞ்சிச் சாயக் கரைசலில் சேர்க்கின்றனர். இந்தத் தட்டலின் அளவு எந்தச் செய்முறைக் குறிப்பிலும் சரியாக எழுதப்படுவதில்லை: தட்டாவிட்டால் இழைகள் அடியில் தங்கி அளவு குறைந்து தெரியும், வலிந்து குலுக்கினால் இழைகள் உடைந்து, புதிய முனைகள் பெருகி, வளர்ச்சியே வேகம் பிடித்துவிடும். இழைகள் தடித்த நேரத்தில் பிப்பெட்டின் குறுகிய முனை அடைத்துக்கொள்வதால், அனுபவப்பட்டவர் பிளேடால் அதன் நுனியை அரிந்து அகலமாக்கி வைத்துக்கொள்கிறார். ஒளிரும் கதிரைப் பக்கவாட்டில் அளப்பதால் நான்கு பக்கமும் தெளிந்த குவார்ட்ஸ் குவெட் எனும் அளவைக் குப்பியையே பயன்படுத்துகின்றனர். அதை மேல் விளிம்பில் மட்டுமே பிடிக்கின்றனர். ஒரு விரல்ரேகைகூட அளவைக் குழப்பும்.

முதல் சில அளவுகளில் கருவியின் திரையில் கோடு தட்டையாகவே செல்கிறது. ஒன்றும் நடக்காததைப் போன்ற இக்கட்டத்தில்தான் முதல் வித்துகள் உருவாகின்றன. அவை போதிய அளவு சேர்ந்ததும் கோடு செங்குத்தாக ஏறி, கரைந்த புரதம் தீர்ந்துவர மீண்டும் தட்டையாகிறது. இந்த எழுச்சியை முதன்முறை காணும் மாணவரின் மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. ஆயினும் ஒளியின் அளவை இழையின் அளவென்றே எடுத்துக்கொள்ளும் அவசரம் இத்துறையில் பெருந்தவறுகளுக்கு இடம்தந்திருக்கிறது. திரட்சியின் தொடக்கத்தில் தோன்றும் சிறு கூட்டங்கள், நரம்பணுக்களுக்கு இழையைவிட அதிகத் தீங்கு தரக்கூடியவை என்று பலரும் கருதும் அக்கூட்டங்கள், இச்சாயத்தின் முன் பெரும்பாலும் இருட்டாகவே இருக்கின்றன.

ஒளியை மட்டும் நம்பி ஏமாறுவதற்கு, மஞ்சளிலிருந்து கிடைக்கும் குர்குமின் தக்க எடுத்துக்காட்டு. அதைப் புரதக் கரைசலில் சேர்த்தவுடன் ஒளி குறைந்தால் புரதம் திரள்வது தடைபட்டது என்று முடிவுகட்டத் தோன்றும்; ஆனால் குர்குமினே நீல ஒளியை உறிஞ்சுவதாலும், இழையோடு ஒட்டச் சாயத்துடன் போட்டியிடுவதாலும், இழைகள் குறையாமலே ஒளி குறையக்கூடும். எனவே பொறுப்புள்ள ஆய்வாளர், முழுதும் வளர்ந்து முடிந்த இழைகளில் குர்குமினைக் கலந்து பார்க்கிறார். உடனே ஒளி சரிந்தால், அது சாயத்தோடு நடந்த குறுக்கீடு என்று கண்டுகொள்கிறார். சாயமில்லாத இழை, இழையில்லாத சாயம் ஆகிய வெற்றுச் சோதனைகளும் ஒவ்வொரு முறையும் உடன் நடக்கின்றன. நேரம் பிடிக்கும் இவ்வேலைகள் ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரிக்குமேல் இடம் பெறுவதில்லை என்பது வருத்தத்திற்குரியது.

மாலையில் கடைசித் துளியொன்று செம்பு வலைத்தகட்டில் வைக்கப்பட்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குப் போகிறது. அங்கு எடுக்கப்படும் இழைகளின் படமும், பகலில் அளந்த கோடும், ஒத்துப்போகாமல் விலகிய அளவுகளும் நோட்டின் ஒரே பக்கத்தில் ஒட்டப்படுகின்றன.