இழப்பு சொல்லும் செய்தி

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைமீது ஏறும் சாலையில், சிறுவயதில் என் அத்தாவுடன் பலமுறை சென்றிருக்கிறேன். மலைப் புளி வாங்கி விற்பது அவர் தொழில். வழியில் காவலூர் வானாய்வகத்தின் வெண்ணிறக் குவிமாடம் தென்படும். பின்னாளில் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றபோது ஒரு செய்தி கேட்டு வியந்தேன். 1977ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் காட்சிக்காக அங்கே காத்திருந்தனர். கோள் மறைக்குமுன்னரே விண்மீனின் ஒளி சில நொடிகள் குன்றியது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்ற உண்மை, காவலூரிலும் பிற இடங்களிலும் பதிவான அத்தகைய ஒளியிழப்பால்தான் வெளிப்பட்டது. இழப்பும் ஒரு செய்தியே என்று அன்று கற்றேன். அதன் முழுப்பொருளைக் கற்பித்தது அத்தாவின் நோய்.

எட்டு மாதங்களாக அவருக்கு மலத்தில் குருதி கண்டிருக்கிறது. மூலம் என்றெண்ணித் துத்திக்கீரையை வதக்கி உண்டு வந்திருக்கிறார். உடல் மெலிந்ததை நாங்கள் முதுமை என்று எண்ணினோம். "பெற்ற பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?" என்று பின்னர் கேட்டார். பெருங்குடலில் புற்று; இரண்டாம் நிலை. அறுவைக்குப் பின் வந்த திசு ஆய்வறிக்கை, மரபணுப் பிழைகளைத் திருத்தும் புரதம் ஒன்று கட்டியில் இல்லை என்றது. "இல்லை" என்ற அச்சொல் எங்களை உலுக்கிவிட்டது.

மருத்துவர் பொறுமையோடு விளக்கினார். உயிரணுவின் வளர்ச்சிக்குக் கடிவாளமிடும் மரபணுக்கள் தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரண்டிரண்டு உள்ளன. இரண்டும் பழுதுற்றாலே புற்று தலைதூக்கும் என்னும் கருத்தை, குழந்தைகளின் கண் புற்றை ஆராய்ந்த ஆல்ஃபிரட் நுட்சன் 1971இல் வெளியிட்டார். பெருங்குடல் புற்றின் இரண்டாம் நிலையில், 18ஆம் குரோமோசோமின் ஒரு பகுதியைக் கட்டி இழந்திருந்தால் ஐந்தாண்டு வாழ்வோர் 54 விழுக்காடு, இழக்காதிருந்தால் 93 விழுக்காடு என்று 1994இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் அதனை அத்துணை உறுதியாக ஏற்கவில்லை. பிழைதிருத்தும் மரபணுவின் இழப்போ இதற்கு நேர்மாறானது. பிழை மலிந்த கட்டியை உடலின் எதிர்ப்பாற்றல் எளிதில் இனங்காண்பதால், இரண்டாம் நிலையில் அது பெரும்பாலும் நற்குறியே. அத்தாவுக்கு வேதிமருந்து தேவைப்படவில்லை.

ஆயினும் அவ்விழப்பு சில குடும்பங்களில் வழிவழியாக வருவது. உடன்பிறந்தோர் மூவரும் குருதிச் சோதனை செய்துகொண்டோம். அத்தாவின் பழுதுற்ற மரபணு எனக்கு மட்டும் வந்திருந்தது. அன்றிரவு உறக்கம் இல்லை. மறுநாள் மருத்துவர் சொன்ன சொல்லே என்னைத் தேற்றியது: விழுக்காடு என்பது பலரைப் பற்றிய கணக்கு; தனியொருவரின் தலைவிதி அன்று. இப்போது குறித்த காலந்தோறும் குடல் உள்நோக்கிச் சோதனை செய்துகொள்கிறேன். சென்ற முறை கண்ட சிறு முளையை அப்போதே அகற்றிவிட்டார்கள்.

மாணவச் செல்வங்களே, ஆய்வுக்கூடம் மரபணுவின் இழப்பைக் காண்பதற்கு நெடுநாள் முன்பே, நம் உடல் குருதியாலும் எடையாலும் தன் இழப்பைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. அதனைக் கேட்கவிடாமல் தடுப்பது நம் நாணமே. இல்லத்துப் பெரியவர்களிடம் நீங்களே முதலில் கேளுங்கள். இன்று ஆலங்காயம் சந்தையில், தம் வயதொத்தவர்களிடம் புளியின் விலையைச் சொல்லி முடித்ததும், அத்தா குரலைத் தாழ்த்தி அந்தக் கேள்வியைக் கேட்கிறார்.