ஜானகியும் அவரே

சேரன்மகாதேவியில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டி முடிந்தது, கெட்டிமேளம் ஓய்ந்தது, கூட்டம் பந்திக்குப் பாய்ந்துவிட்டது. மணமேடைக்குப் பக்கத்து ஜமுக்காளத்தில் மேளக்காரர்கள் மட்டும் மிச்சம். இரண்டாம் பந்திக்குத் தள்ளப்பட்ட நான் தூணோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்.

நாகஸ்வரக்காரருக்கு முப்பது வயதிருக்கும். சீவாளியைக் கழற்றி வாயில் ஊறவைக்கிறார். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார். பிடிக்கவில்லை. வாத்தியத்தில் தொங்கும் கொத்திலிருந்து இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கிறார்.

பெண்ணின் தாத்தா போலிருக்கிறது, ஒரு பெரியவர் வந்து நிற்கிறார்.

"தம்பி, அந்தச் சிங்கார வேலனை ஒருக்கா எடுங்க."

"சாப்ட்டுட்டு வாங்க தாத்தா, வாசிச்சிருவோம்."

"சாப்பாடு எங்கயும் போவாது."

கேட்கத்தான் செய்வார். பக்கத்தில்தான் காருகுறிச்சி. மண்பானைக்குப் பேர்போன ஊர், நாகஸ்வர வித்வான் அருணாசலத்தின் ஊர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவர் 'கொஞ்சும் சலங்கை'க்கு வாசித்த பாட்டு அது. 1962 பொங்கலுக்கு வந்த படம். கு.மா. பாலசுப்பிரமணியம் எழுத, எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆபேரியில் மெட்டமைத்தார். யார் பாடுவது என்பதில்தான் சிக்கல். நாலு ரத வீதிக்கும் கேட்கச் செய்த வாத்தியம் நாகஸ்வரம். அதன் பக்கத்தில் நின்று பாடினால் வாயசைவது மட்டும்தான் தெரியும். பி. லீலாதான் எஸ். ஜானகியைக் கைகாட்டினார் என்பார்கள். சினிமாவுக்கு வந்து நாலைந்து வருஷமே ஆன பெண். அவர் குரலையும் நாகஸ்வரத்தையும் தனித்தனியே பதிந்து சேர்த்தார்கள். திரையில் சாவித்திரி பாட, ஜெமினி கணேசன் வாசிப்பார். ஒட்டுப்போட்ட இடம் எது என்று நானும் எத்தனையோ தடவை காதைத் தீட்டியிருக்கிறேன். அகப்பட்டதில்லை.

இங்கே ஒட்டுப்போட வழியில்லை. ஜானகி பாகத்தையும் இவரே வாசித்தாக வேண்டும்.

பெண் குரல் வரும் இடத்தில் கன்னம் தளர்கிறது, வாத்தியத்தின் அகன்ற வாயான அணைசு தரையைப் பார்க்கிறது. நாகஸ்வரத்தை மெல்ல ஊதுவது ஓங்கி ஊதுவதைவிடக் கஷ்டம்; கழுத்து நரம்பு சொல்கிறது. பதில் சொல்லும் அருணாசலம் வந்ததும் அணைசு நிமிர்கிறது. கைகழுவப் போன ஒரு சிறுவன், ஈரக்கையோடு நின்றுவிட்டான். ஸ்வரங்கள் குறுகக் குறுக, மெல்லவும் ஓங்கவும் அவகாசமில்லை. கடைசிச் சுற்றுக்கு முன்னால் மூச்சு ஒரு நூல் முந்திக்கொண்டது. தவில்காரர் சரியாக அந்தப் பள்ளத்தில் நாலு சொல்லைக் கொட்டி மூடினார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் விரல் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. கண்டுகொண்டார், காட்டிக்கொள்ளவில்லை.

முடிந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய்த் தாள்.

"எந்த ஊரு தம்பி?"

"சுரண்டைப் பக்கம்."

பெரியவர் தலையாட்டிவிட்டுப் பந்திக்கு நடந்தார். அருணாசலம் 1921இல் பிறந்தவர். படம் வந்த இரண்டாம் வருஷமே, 1964இல், போய்விட்டார்.

நாகஸ்வரக்காரர் சீவாளியைத் துடைத்து மூடுகிறார். தவில்காரர் விரலிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாய் உருவுகிறார்.

"சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியிலயும் இதைத்தான் கேப்பாவ. மூச்சைப் பாத்து வையி."