இருட்டறை கற்பித்த ஒழுங்கு

புகைப்படம் எடுத்தல் ஒரு கலை என்பதை எல்லோரும் ஒப்புவர். புகைப்பட நிலையம் நடத்துதல் ஒரு காவற்பணி என்பதைச் சிலரே எண்ணிப் பார்க்கின்றனர். துணிக்கடைக்குச் செல்பவர் பணத்தைக் கொடுத்துத் துணியைப் பெற்றுத் திரும்புகிறார். கணக்கு அத்துடன் தீர்ந்துவிடுகிறது. புகைப்பட நிலையத்திற்கு வருபவரோ தம் முகத்தையும் அங்கே விட்டுச் செல்கிறார். பிரதி அவர் கைக்குப் போகிறது. மூலமாகிய நெகட்டிவ் கடையில் தங்கிவிடுகிறது. பிறர் பொருள் நம்மிடம் தங்குமானால் அதற்கு அமானிதம் என்று பெயர். இச்சிறு தொழிலில் இடத்தையும் பொருளையும் ஒழுங்குபடுத்துவது அந்த அமானிதத்தைக் காக்கும் வழியாகும். கல்லூரி விடுமுறைகளில் என் தாய்மாமாவின் புகைப்பட நிலையத்தில் வேலை செய்த நாள்களில் நான் கற்ற பாடம் இது.

இத்தொழிலுக்கும் அறைக்கும் உள்ள உறவு பழமையானது. பஸராவில் 965ஆம் ஆண்டளவில் பிறந்து, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், இருண்ட அறைக்குள் சிறு துளை வழியே ஒளியைப் புகவிட்டு அதன் இயல்பை ஆராய்ந்தார். ஒளியியல் பற்றிய அவருடைய 'கிதாபுல் மனாழிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களால் பயிலப்பட்டது. 'கேமரா' என்னும் இலத்தீன் சொல்லின் பொருளும் அறை என்பதே. 1839ஆம் ஆண்டு பாரிசில் தாகேரின் முறை அறிவிக்கப்பட்டபோது, இருண்ட அறையில் விழும் படத்தை நிலைநிறுத்தும் வழியை உலகம் அறிந்தது.

மூன்று பகுதிகள்

கடற்கரையோரமுள்ள எங்கள் ஊரில் மாமாவின் நிலையம் ஒற்றை வாசல் கொண்ட நீண்ட கடை. அதை அவர் மூன்றாகப் பிரித்திருந்தார். முன்பகுதியில் மேசை, பெஞ்சு, நிலைக்கண்ணாடி, சீப்பு, இரவலுக்கு ஒரு கறுப்புக் கோட்டு. நடுப்பகுதியில் திரைச்சீலை, முக்காலி, விளக்குகள். பெண்கள் படமெடுக்க வந்தால் முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் இடையே கனத்த துணித்திரை இழுத்துவிடப்படும். கடைசியில் இருந்தது இருட்டறை.

இருட்டறையிலும் இரு பக்கங்கள் உண்டு. ஒன்று உலர்ந்த பக்கம். பெரிதாக்கும் கருவியும் தாள் பெட்டியும் நெகட்டிவ்களும் அங்கே. மற்றொன்று ஈரப் பக்கம். டெவலப்பர், தண்ணீர், ஹைப்போ என்ற வரிசையில் மூன்று தட்டுகள் அங்கே. ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனி இடுக்கி. ஹைப்போ பட்ட கை டெவலப்பரைத் தொட்டால் அக்கரைசல் கெடும். ஈரக்கை தாள் பெட்டிக்குச் சென்றால் தாள் வீணாகும். டெவலப்பர் 20 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது நலம். எங்கள் ஊர்க் கோடையில் அது எளிதன்று. பெரிய தட்டொன்றில் பனிக்கட்டியைப் பரப்பி, அதன்மேல் டெவலப்பர் தட்டை வைப்பார் மாமா. ஹைப்போவிலிருந்து எடுத்த படத்தை ஒரு மணி நேரம் ஓடும் நீரில் கழுவ வேண்டும் என்பது அவர் கட்டளை. கழுவாத படம் அன்றைக்கு அழகாகவே தோன்றும். சில ஆண்டுகளில் மஞ்சளித்துப் போகும். வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் தொழிலின் நாணயம் அடங்கியிருந்தது.

சிவப்பு விளக்கின் மங்கலில் கண்ணை நம்ப இயலாது. கைதான் வழி காட்ட வேண்டும். எனவே எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது அங்கே சட்டம். செலவிலும் அதே கண்டிப்பு. தாள் பெட்டி பிரித்த தேதி அதன்மேல் எழுதப்படும். திருமண வேலைக்குப் பாதித் தொகை முன்பணமாக வாங்கப்படும். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்குமாதலால் அது ஜாடியில் சேர்க்கப்பட்டு, வெள்ளி பிரித்தெடுப்போருக்கு விற்கப்படும்.

பேரேடு காத்த முகங்கள்

அனைத்துக்கும் மேலானது பேரேடு. எண், தேதி, பெயர், தெரு, பட அளவு, பிரதிகள், பெற்ற தொகை என ஏழு பத்திகள். அதே எண் நெகட்டிவ் வைத்த காகித உறையின் மேலும் இருக்கும். ஆண்டுவாரியாகக் கட்டப்பட்ட உறைகள், ஈரம் அணுகாதபடி முன்பகுதியில் தகரப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன.

உருவப்படம் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் தேவையின்றிப் படமெடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஹஜ் பயணத்திற்கான கடவுச்சீட்டுக்காக எடுத்த ஒரே படம்தான் அவர்களில் சிலருக்கு வாழ்நாள் முழுமைக்கும் உரிய படம். ஒருநாள் வளைகுடாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் தயங்கியபடி நின்றார். "காக்கா, உம்மா மௌத்தானப்ப நான் ஊர்ல இல்லை. வீட்ல ஒரு படம்கூட இல்லை. ஹஜ்ஜுக்குப் போன வருஷம் இங்கதான் எடுத்தாங்க" என்றார். ஆண்டையும் தெருவையும் கேட்ட மாமா பேரேட்டைப் புரட்டினார். சிறிது நேரத்தில் உறை கைக்கு வந்தது. மறுநாள் படத்தைப் பெற்றுக்கொண்ட அவர் அதை நெடுநேரம் பார்த்தவாறே நின்றார். தாளின் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார் மாமா.

அதே பெட்டியைத் திறக்க மறுத்த நாளும் உண்டு. உறவினர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், ஒரு பெண்ணின் படத்திற்குப் பிரதி கேட்டார். இரட்டிப்புப் பணமும் நீட்டினார். "ரசீது இல்லாம, வீட்டுக்காரங்க வராம கொடுக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மாமா. கடை முகப்பின் கண்ணாடிப் பெட்டியிலும் அனுமதியின்றி எவர் படமும் வைக்கப்பட்டதில்லை.

காலம் மாறிய பின்

உதகையில் 1960ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பிலிம்கள் ஒரு காலத்தில் எங்கள் அலமாரியில் இருந்தன. அந்த ஆலை பின்னர் மூடப்பட்டது. உலகெங்கும் பெயர் பெற்ற கோடாக் நிறுவனமே 2012ஆம் ஆண்டு திவால் சட்டப் பாதுகாப்பை நாடியது. இருட்டறைகள் மறைந்து கணினிகள் வந்துவிட்டன.

கருவி மாறினாலும் அமானிதம் மாறவில்லை. அதன் பாரம் கூடியிருக்கிறது. அன்று நெகட்டிவைத் திருட வேண்டுமானால் பெட்டியை உடைக்க வேண்டும். இன்று திறந்து கிடக்கும் கணினியிலிருந்து ஆயிரம் முகங்களை நொடியில் கொண்டுபோகலாம். செயற்கை நுண்ணறிவால் அவற்றை உருமாற்றி இழிவுபடுத்தவும் கூடும். தனிநபர் தரவுகளைக் காக்க இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியுள்ளது. ஆயினும் கடைக்காரரின் கட்டுப்பாடே முதற்காவல். தேதியும் எண்ணும் இட்ட கோப்புறைகள், கடவுச்சொல், இரு வன்தட்டுகளில் பிரதி, கடைக்கு வெளியே மூன்றாவது பிரதி, வாடிக்கையாளர் கேட்டால் அழித்துத் தரும் நேர்மை ஆகியவையே இன்றைய பேரேடும் தகரப் பெட்டியும் ஆகும்.

மாமாவின் மறைவுக்குப் பின் கடையைக் காலி செய்ய நேர்ந்தது. பழைய பொருள் வாங்கும் வியாபாரி ஒருவர், வெள்ளிக்காக நெகட்டிவ்களை எடைக்குக் கேட்டார். அவர் சொன்ன விலை கடைவாடகையின் நிலுவையைத் தீர்க்கப் போதுமானது. மாமி பேரேடுகளை எடுத்து வந்து என் முன் வைத்தார். "இது நம்ம சாமான் இல்லையே" என்று மட்டும் சொன்னார். நிலுவையை நாங்கள் தவணையில் அடைத்தோம். இரண்டு மாத காலம் பேரேட்டில் கண்ட தெருவாரியாகச் சென்று, கண்டறிய முடிந்த குடும்பங்களிடம் உறைகளைச் சேர்ப்பித்தோம். உரியவர் கிடைக்காத உறைகள் இன்றும் எங்கள் வீட்டு மாடியில் எண் வரிசையிலேயே இருக்கின்றன.

மாணவத் தம்பியரே, தங்கையரே! நாளை நீங்கள் தொடங்கும் தொழில் எதுவாயினும், பிறருடைய பொருளோ பெயரோ முகமோ உங்களிடம் வந்து சேரும். உரியவர் எந்த நாளில் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்படி அதை வைத்திருங்கள்.