குளிர்காலத்தில் ஒரு நாள்

ஆண்டு இறுதி விடுமுறை என்றதும் மாணவச் செல்வங்களின் உள்ளம் துள்ளும். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட எனக்கோ ஆண்டு முழுவதும் விடுமுறைதான். ஆயினும், என் நினைவில் நீங்காது நிற்கும் விடுமுறை நாள் ஒன்று உண்டு. அது நம் நாட்டில் கழிந்த நாளன்று. ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில், 2022ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், என் மகள் வீட்டில் கழிந்த ஒரு சனிக்கிழமை அது.

என் மகள் அங்கு ஒரு மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறாள். மருமகனுக்கும் அன்று வேலை. இருள் விலகுமுன்பே இருவரும் புறப்பட்டுவிட்டனர். ஆறு வயதுப் பேத்தியும், மூன்று வயதுப் பேரனும், நானுமே வீட்டிலிருந்தோம். மணி எட்டரை கடந்த பின்னரே கதிரவன் எதிர்வீட்டுக் கூரைக்கு மேல் தலைகாட்டினான். அந்த வாரம் முழுவதும் கடுங்குளிர். புல்தரை, உப்பைத் தூவியது போல் வெண்மையாய் உறைந்து கிடந்தது.

கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு எட்டு நாள்களே இருந்தன. சமையலறைச் சுவரில் 24 சிறு கதவுகள் கொண்ட அட்டை ஒன்று தொங்கியது. டிசம்பர் முதல் நாள் தொடங்கி, நாளுக்கு ஒரு கதவைத் திறந்து, உள்ளிருக்கும் சாக்லெட்டை எடுப்பது அங்குள்ள பிள்ளைகளின் வழக்கம். பள்ளித் தோழர்களைப் பார்த்து, இந்துக்களாகிய எங்கள் வீட்டிலும் அவ்வழக்கம் புகுந்திருந்தது. பேத்தி 17ஆம் கதவைத் திறந்தாள். கண்மூடித் திறப்பதற்குள் பேரன் 18ஆம் கதவையும் திறந்துவிட்டான். "அது நாளைக்கு உரியது!" என்று அவள் அழ, "நாளை எனக்கு இப்போதே வேண்டும்!" என்று அவன் அழ, முப்பது ஆண்டுகள் வகுப்பறையைக் கட்டி ஆண்ட எனக்கு அவ்விருவரையும் அமைதிப்படுத்த அரைமணி நேரமாயிற்று.

நண்பகலில் சிறிது வெயில் கண்டது. பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றேன். சட்டைக்கு மேல் சட்டை, காலுறை, குல்லாய், கழுத்துத் துணி எல்லாம் அணிவித்து முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வேலிக்கு அப்பால் நின்ற அண்டை வீட்டு மூதாட்டி எங்களைக் கண்டு நலம் விசாரித்தார். தாம் சிறுமியாக இருந்த காலத்தில், கிறிஸ்துமஸ் நாளன்றும் தம் தந்தை வேலைக்குச் சென்றுவிடுவார் என்று அவர் கூறியபோது நான் வியப்புற்றேன். ஸ்காட்லாந்தில் 1958ஆம் ஆண்டில்தான் அந்நாள் பொது விடுமுறையாயிற்றாம். "மாலையில் அவர் திரும்பும் காலடியோசைதான் எங்களுக்குப் பெருநாள்" என்று சொல்லிச் சிரித்தார் அவர்.

உள்ளே வந்ததும், நனைந்த கையுறைகளைச் சுடுநீர் ஓடும் இரும்புக் கணப்பின் மீது வரிசையாகப் பரப்பினேன். எரிவாயு விலை ஏறியிருந்த ஆண்டு அது. எனவே ஓர் அறையில் மட்டுமே கணப்பை மூட்டி, மூவரும் ஒரே போர்வைக்குள் அமர்ந்தோம். மணி நான்காகுமுன்பே இருட்டிவிட்டது. "பாட்டி, ஏன் இவ்வளவு சீக்கிரம் இரவு வருகிறது?" என்று பேத்தி கேட்டாள். எனக்குள் உறங்கிய ஆசிரியை விழித்துக்கொண்டாள்.

ஓர் ஆரஞ்சுப் பழத்தில் பின்னல் ஊசியைச் செருகினேன். மேற்பகுதியில் ஒரு கிராம்பைக் குத்தி "இஃது எடின்பரோ" என்றேன். நடுப்பகுதியை ஒட்டி மற்றொன்றைக் குத்தி "இது நம் ஜொகூர்" என்றேன். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பது போல் பழத்தைச் சாய்த்து, கைவிளக்கின் எதிரில் சுழற்றினேன். டிசம்பரில் பூமியின் வடபாதி கதிரவனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால், மேல் கிராம்பு சிறிது நேரமே ஒளியில் நின்றது. அங்குப் பகல் ஏறத்தாழ ஏழு மணி நேரமே. நிலநடுக்கோட்டை அடுத்த ஜொகூரிலோ ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே பகல் இருக்கும்.

பேத்தி கீழ்க் கிராம்பைத் தொட்டுப் பார்த்தாள். "அம்மா சிறு பிள்ளையாக இங்கேதானே இருந்தார்கள்? டிசம்பரில் நீங்களும் அம்மாவும் என்ன செய்வீர்கள்?" என்றாள்.

"அங்கே மழை பெய்யும், கண்ணே" என்றேன். அதற்கு மேல் என்னால் பேச இயலவில்லை.

குளுவாங் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் நான் பணியாற்றிய காலம் அது. அப்போது பள்ளியாண்டு ஜனவரியில் தொடங்கும். தோட்ட மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்தனர். முதலாம் ஆண்டு வகுப்பு ஆண்டுக்காண்டு சுருங்கியது. ஆகவே டிசம்பர் மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று வீடு வீடாகச் சென்றேன். என் கணவருக்கு வெளியூரில் வேலை. ஊரார் பிள்ளைகளுக்காக வாசல்தோறும் நின்ற நான், என் பிள்ளையை அண்டை வீட்டு வாசலில் விட்டுச் சென்றேன்.

இரவு எட்டரை மணிக்கு மகள் திரும்பினாள். பிள்ளைகள் உறங்கிவிட்டனர். கணப்பின் மீதிருந்த கையுறைகளை அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள். "உன்னோடு ஒரு டிசம்பர் நாளைக்கூட நான் இப்படிக் கழித்ததில்லையே, அம்மா" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "பகலில் நீங்கள் இல்லாதது வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் இரவில், மழையில் நனைந்த பதிவுப் பாரங்களோடு வருவீர்கள். நான் ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்துப் பிடிப்பேன். நீங்கள் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்துவீர்கள். ஓர் ஆண்டு ஒன்பது பாரங்கள். நான்தான் எண்ணினேன். ஒன்பது பேரும் என் தம்பி தங்கைகள் போல் எனக்குத் தோன்றியது." சற்று நிறுத்தி, தாழ்ந்த குரலில், "25ஆம் நாள் எனக்கும் வேலை, அம்மா. பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ?" என்றாள்.

அவள் கூறியது என் குறையை முற்றும் துடைத்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அவளுக்கு விடை கூற அது எனக்குத் துணையாயிற்று. "வந்ததும் அவர்கள் கையிலும் ஒரு வேலையைக் கொடு. பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று இருந்தால் போதும்" என்றேன். பெருநாளன்று அவள் திரும்பியபோது, பேத்தி அவள் கைப்பையை வாங்கிக்கொண்டாள். பேரன் ஒரு காலணியைக் கழற்றினான்.

பெற்றோர்களே! உழைப்பு நம்மைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்கத்தான் செய்யும். எஞ்சிய பொழுதிலாவது அவர்களை நம் வேலையில் கூட்டிக்கொள்வோம். மாணவச் செல்வங்களே! களைத்து வரும் தாய் தந்தையரின் கைச்சுமையை வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அதை மறந்தாலும் அவர்கள் மறக்கமாட்டார்கள்.