கொடியில் ஒரு கருடன்

பழைய தஞ்சாவூர்ப் படம் ஒன்று பழுதுபார்க்க வந்தால், நான் முதலில் சாமியின் முகத்தைப் பார்ப்பதில்லை. குடை, சாமரம், கொடி, சிம்மாசனத்தின் கால், இவற்றில்தான் கண் போகும். பூஜை அறைப் படத்தில் முகம் மங்கினால் வீட்டார் பொறுக்க மாட்டார்கள். யாரையாவது கூப்பிட்டு மேலே மேலே வண்ணம் தீட்டியிருப்பார்கள். ராஜ சின்னங்களில் பெரும்பாலும் கை வைத்திருக்க மாட்டார்கள். படம் எழுதியவரின் கையெழுத்து அங்கேதான் கலையாமல் இருக்கும்.

ராமர் பட்டாபிஷேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை புராணம், மேடையோ அரண்மனை. இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தை ஒட்டிய ஓவியர்கள், தர்பாரின் திரைச்சீலையையும் கண்ணாடி விளக்கையும் அயோத்தியில் கொண்டுபோய்த் தொங்கவிட்டார்கள். மைசூர்ப் பக்கம் போனால் புராணத்துக்கும் அரண்மனைக்குமான இந்த உறவு இன்னும் நெருக்கம். நரசிம்மர் சரபத்தை அடக்க எடுத்த வடிவம் என்று வைணவர்கள் சொல்லும் இருதலைப் பறவை கண்டபேருண்டம், விஜயநகரத்து அச்சுதராயரின் காசுகளில் இருந்தது, உடையார்களின் சின்னமானது, இன்றும் கர்நாடக அரசு முத்திரையில் இருக்கிறது. இரு ஊர்ப் படங்களையும் பிரித்தறிவது எளிது: மைசூர்ப் படத்தில் தங்கத்துக்கு அடியிலுள்ள மக்கு, அதாவது புடைப்புப் பசை, மெல்லியது. தஞ்சாவூரில் அது தடித்துப் புடைத்து நிற்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழலே சொல்லிவிடும்.

சமீபத்தில் என் மேசைக்கு வந்த பட்டாபிஷேகப் படத்தில் விளக்குப் புகை கருமையாகப் படிந்திருந்தது. பஞ்சைக் குச்சியில் சுற்றி, வடிநீரில் லேசாக நனைத்து, தேய்க்காமல் உருட்டி உருட்டி எடுத்தேன். முதலில் ஓர் ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் இதைச் செய்யவே கூடாது. கோந்தில் குழைத்த பழைய வண்ணம் தண்ணீரிலேயே கரைந்து வந்துவிடும். புகை விலகியதும் கொடியில் ஒரு கருடன் தெரிந்தான். கட்டைவிரல் நகம் அளவுதான். அதற்குள் இறகுக்கு ஒரு கோடாக மக்கை இழுத்திருக்கிறார் ஓவியர். ஒவ்வொரு கோடும் தடித்துத் தொடங்கி, நுனியில் மயிரிழையாகத் தேய்கிறது. அந்தக் கைப்பழக்கத்தை எண்ணி எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை.

மூக்கில் மட்டும் தங்கம் உதிர்ந்து வெள்ளை மக்கு தெரிந்தது. வீட்டார் புதுத் தங்க ரேக்கு ஒட்டித் தரச் சொன்னார்கள். நான் ஒட்டவில்லை. புதுத் தங்கத்தின் பளபளப்பு பார்ப்பவர் கண்ணை அங்கேயே நிறுத்திவிடும். அதற்கு இடும் பசை கோடுகளின் இடுக்கை அடைத்துவிடும். இருக்கும் தங்கம் உதிராமல் காப்பதுதான் என் வேலை.

அதற்கே நிறையப் பாடுபட வேண்டியிருக்கிறது. பலாப் பலகைமேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய துணி, அதன்மேல் சுண்ணப் பூச்சு. மழைக்காலத்தில் பலகை குறுக்குவாட்டில் விரியும், கோடையில் சுருங்கும். பூச்சுக்கு அந்த நெகிழ்வு கிடையாது, வெடித்துத் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் நீர்த்த பசையை ஊசியால் செலுத்தி, பட்டுப்போன்ற தாளை வைத்து மெதுவாக அழுத்த வேண்டும்.

படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வீட்டாரிடம் சொன்னேன்: குளியலறையை ஒட்டிய சுவரில் மாட்டாதீர்கள், விளக்கைச் சற்றுத் தள்ளி ஏற்றுங்கள், சந்தனமும் குங்குமமும் கண்ணாடிமேல் மட்டும் இருக்கட்டும். அந்தக் கண்ணாடி புடைப்பில் உரசாதபடி நடுவே மெல்லிய மரச்சட்டம் வைத்திருக்கிறேன்; அடுத்து யார் பிரேம் மாற்றினாலும் அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டாம்.